தவக்காலத்துக்கு முந்தின செவ்வாய்

ஆஸ்பத்திரியில் என் வேலை
காலிக் கட்டங்களை நிரப்புவது.
வார்டுக்குப் போன் போட்டால் போதும்,
இரத்த வகையோ, ஒவ்வாத மருந்தோ,
நெருங்கிய உறவின் பெயரோ
யாராவது எடுத்துச் சொல்லிவிடுவார்கள்.

1934 பிப்ரவரி 13-க்கு
யாரைக் கூப்பிடுவது?

ஓஃபிர் சாலைக் கோயில் அலுவலகத்தில்
பதிவேட்டை மேசையில் வைத்த ரெஜினா,
"பேனா வேண்டாம், பென்சில்தான்.
பன்னிரண்டரைக்கு நான் சாப்பிடப் போகணும்" என்றார்.
பிரெஞ்சுச் சாமியாரின் சாய்ந்த எழுத்து,
நம் பெயர்களை வாயில் வைத்து மென்று
இலத்தீனில் துப்பியதுபோல.

மதலேனம்.
என் அப்பாவின் அக்கா.
வீட்டுப் படம் எதிலும் இல்லாதவள்.
மணமகன் லாசர், டிராலி பஸ் கண்டக்டர்.
வயது என்ற இடத்தில் 'நிறைந்தது' என்று மட்டும்.
தகப்பன் பெயர் என்ற இடத்தில்
ஒன்றுமில்லை.
கோடுகூட இல்லை.

கோடு இழுத்திருந்தால் 'கிடையாது' என்று எடுத்துக்கொள்வேன்.
இது வெறும் காகிதம்.

தாத்தா அவளைத் தலைமுழுகிவிட்டார் என்று
குடித்த இரவொன்றில் அப்பா சொன்னார்.
ஏன் என்று சொல்வதற்குள் தூங்கிப்போனார்.
அந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டுபோய்
அந்தக் கட்டத்துக்குள் குடிவைத்தேன்:
கோயில் வாசல்வரை வந்து திரும்பிய மனிதர்,
சாமியார் கேட்க, உதட்டைக் கடித்த பெண்.
பிறகு இன்னும் மோசமாக,
அவள் அவருக்குப் பிறந்தவளே இல்லையோ என்று.
மூன்று விடுப்பு நாட்கள் இந்தச் சந்தேகத்தோடு சாப்பிட்டேன்.
மிஞ்சியிருந்த ஒரே படத்தில்
தாத்தாவின் மூக்கை விரலால் அளந்தேன்,
எதனோடு ஒப்பிடுவதென்று தெரியாமலே.

நாலாம் முறை போனபோதுதான்
மேலும் கீழும் படித்தேன்.
அன்று காலை மட்டும் ஐந்து திருமணம்.
விடிந்தால் விபூதிப் புதன்,
அப்புறம் ஈஸ்டர்வரை கோயிலில் கலியாணம் கிடையாது.
முதல் ஜோடிக்கு எல்லாம் இருக்கிறது,
தகப்பன், தாய், பிறந்த ஊர், தெருகூட.
இரண்டாவதிலிருந்து சாமியாருக்குக் கை வலித்திருக்கிறது.
நான்கு பெண்களுக்கும் தகப்பன் இல்லை,
நான்கு ஆண்களுக்கும் இல்லை,
லாசரையும் சேர்த்து.

இவ்வளவுதானா?
எனக்கு ஏமாற்றமாக இருந்தது.
ஏமாந்தது நினைத்து வெட்கமாக இருந்தது.

மூடப்போனேன்.
பக்கத்தின் அடியில் கைநாட்டுகள்,
நடுங்கிய சிலுவைக்குறிகள்,
அவற்றினிடையே தமிழில் ஒரு கையெழுத்து:
ஞா. மதலேனம்.

ஞா.
ஞானப்பிரகாசத்தின் ஞா.
சாமியார் விட்டுவிட்ட தகப்பனை
ஓர் எழுத்தாகவும் ஒரு புள்ளியாகவும்
தன் பெயருக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறாள்.
அவளைத் தலைமுழுகியவரை.

பாசம் என்று சொல்லத்தான் ஆசை.
பழக்கமாகவும் இருக்கலாம்;
கான்வெண்டில் நாலாவதுவரை அப்படித்தான்
எழுதப் பழக்கியிருப்பார்கள்,
கை தானாகப் போயிருக்கும்.
புள்ளியில் மட்டும் மை ஊறி
அடுத்த பக்கத்தில்
முன்பின் தெரியாத இன்னொரு மணமகளின்
பெயர்மேல் படிந்திருக்கிறது.
பேனா அங்கே கொஞ்சம் நின்றிருக்கிறது.
நிப்பு கோணலாகவும் இருந்திருக்கலாம்.

ரெஜினா சாவியைக் குலுக்கினார்.
என் நோட்டில், தகப்பன் பெயர் என்ற இடத்தில்,
பென்சிலால் 'ஞா.' என்று எழுதினேன்.
விரித்து எழுத மனம் வரவில்லை.

நாளைக் காலை ஏழாவது வார்டில்
ஒருவருக்கு நெருங்கிய உறவு காலி.
போன் போடுமுன்
அவர் எங்கே, எப்படிக்
கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று
பார்க்கவேண்டும்.